பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு மடல்

கார்களின் மீட்டர் திரையை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு வணக்கம்.

சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் புனேயிலும் உட்கார்ந்து நீங்கள் வரைகிற திரைகளைத்தான் என் மாணவர்கள் தினமும் பார்க்கிறார்கள். உங்களில் ஒருவருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாய்ப்பும் எனக்குக் கிடைத்தது. சென்னையில் வேலை பார்க்கும் பெண். வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் சொந்த ஊரான தருமபுரிக்கு வந்திருந்தார். முதல் நாள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டவர், ஸ்டார்ட் பொத்தானை அழுத்தாமல் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா?" என்றேன். "மூன்று வருடமாக இந்த மாதிரித் திரைக்குத்தான் மென்பொருள் எழுதுகிறேன் சார். இந்த இருக்கையில் உட்கார்ந்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன். 27 வருடமாகப் பக்கத்து இருக்கைதான் என் அலுவலகம். காலடியில் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். அவற்றை விட்டால் எனக்கிருக்கும் ஒரே கருவி வாய். யோசித்துப் பார்த்தால் நீங்களும் நானும் ஒரே தொழில்தான் செய்கிறோம்: ஓட்டுகிறவருக்கு அருகில் இருந்துகொண்டு, அவர் கண் சாலையை விட்டு நகராதபடி, தெரிய வேண்டியதைத் தெரிவிப்பது. இந்தத் தொழிலில் கொஞ்சம் மூத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

என் பள்ளியில் இரண்டு கார்கள். ஒன்று பழையது, ஊசி மீட்டர். இன்னொன்று சென்ற வருடம் வாங்கியது, ஏழு அங்குல வண்ணத் திரை. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. மற்ற கம்பெனிக் கார்களையும் மாணவர்கள் கொண்டுவருகிறார்கள், அவற்றிலும் இதே கதைதான்.

தருமபுரியிலிருந்து சேலம் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர் கணவாயில் இறங்குகிறது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகளை நொறுக்கிய லாரிகளைப் பற்றி நீங்களும் செய்தியில் படித்திருப்பீர்கள். என்னிடம் படிக்கும் யாரும் அந்த இறக்கத்தை இறங்கிக் காட்டாமல் லைசென்ஸ் வாங்கப் போக முடியாது. இறக்கத்தில் வண்டியைப் பிடிக்க வேண்டியது கியர், பிரேக் அதற்குத் துணை. இதை மந்திரம் போலச் சொல்லிச் சொல்லித்தான் கூட்டிப்போவேன்.

போன ஐப்பசியில் ஒரு பெண்மணி, தையல் கடை வைத்திருப்பவர், மூன்றாம் கியரில் அழகாக இறங்கிக்கொண்டிருந்தார். இன்ஜின் உறுமியது, வேகம் 45-ஐத் தாண்டவில்லை. திடீரென்று அவருடைய இடது கை கியர் கம்பிக்குப் போனது. நான் அதன் மேல் என் கையை வைத்து அழுத்தினேன். "ஏம்மா?" என்றால், "வண்டியே சொல்கிறது சார்" என்றார். திரையில் மேல்நோக்கிய பச்சை அம்பு, பக்கத்தில் 4 என்ற எண்.

அந்த அம்பு மைலேஜுக்காக வைத்தது என்று எனக்குத் தெரியும். இன்ஜின் சுற்று கூடுகிறது, ஆக்சிலேட்டரில் கால் இல்லை, அடுத்த கியருக்குப் போனால் எரிபொருள் மிச்சம் என்று கணக்குப் போடுகிறது. அந்த அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? அவருக்கு நான் ஒரு வாத்தியார், திரை இன்னொரு வாத்தியார். இதே காரில், ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அப்படியென்றால் சரிவு எந்தப் பக்கம், எவ்வளவு என்று வண்டிக்குள் ஏதோ ஒரு பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பெட்டி அம்பு வரைகிற பெட்டியிடம் வாய் திறக்கவில்லை. இரண்டு இலாகாக்கள் ஒரே கட்டடத்தில் இருந்தும் பேசிக்கொள்ளாத கதையை நாங்கள் அரசு அலுவலகத்தில் பார்த்திருக்கிறோம், காருக்குள்ளும் அதுவா?

வளைவில் பேசக் கூடாது என்பது என் தொழிலின் முதல் பாடம். மாணவர் ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டிருக்கும்போது வாத்தியார் வாயைத் திறந்தால் காதும் போகும், கையும் போகும். வளைவு முடியட்டும், நேர்சாலை வரட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பாடம் உங்கள் திரைக்கு இல்லை.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு நாள் இருட்டிய பிறகு மனைவியுடன் ஏறிக்கொண்டிருந்தேன். எட்டாவதோ ஒன்பதாவதோ, வளைவின் பாதியில் "டிங்" என்றது. திரையின் நடுவில் மஞ்சளாக ஒரு முக்கோணம், அதன் கீழே இரண்டு வரி ஆங்கிலம். எதிரே ஒரு பஸ் முகப்பு விளக்கைக் கொட்டிக்கொண்டு இறங்கியது. பஸ்ஸுக்கு வழிவிட்டு நான் கண்ணைத் திருப்பியபோது எழுத்து மறைந்துவிட்டது. முக்கோணம் மட்டும் மூலையில் சின்னதாக உட்கார்ந்திருந்தது. அடுத்த மூன்று வளைவுகளை எப்படி ஏறியிருப்பேன் என்று நினைத்துப் பாருங்கள். ஹீட்டா? பிரேக்கா? டயரா? அகலமான இடம் பார்த்து நிறுத்தி, ஸ்டீயரிங்கில் இருக்கும் பொத்தானை இப்படியும் அப்படியும் அழுத்தி, நான்காவது பக்கத்தில் அந்தச் செய்தியைப் பிடித்தேன். மனைவி டார்ச் அடிக்க, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

சாவியில் இருக்கும் பேட்டரி பலவீனமாகிவிட்டதாம்.

பெட்டிக்கடையில் கிடைக்கிற பொத்தான் பேட்டரி. அதை வீட்டில் இன்ஜினை அணைத்த பிறகு சொன்னால் போதாதா? மலைக்குப் பாதி வழியில், கொண்டை ஊசி வளைவில்தான் சொல்ல வேண்டுமா? நான் ஒரு மாணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவன் வளைவில் திணறும்போது "தம்பி, உன் சட்டைப் பொத்தான் அறுந்திருக்கிறது" என்று சொன்னால் அடுத்த நாள் அவன் வேறு பள்ளிக்குப் போய்விடுவான்.

அந்த "டிங்" இன்னொரு தொல்லை. கதவு சரியாகச் சாத்தவில்லை என்றாலும் அதே ஒலி, கண்ணாடி கழுவும் தண்ணீர் தீர்ந்தாலும் அதே ஒலி, புளூடூத்தில் போன் சேர்ந்தாலும் ஏறக்குறைய அதே ஒலி. நான் சத்தம் போடுவது ஒரே ஒரு சொல்லுக்குத்தான்: "பிரேக்!" மற்ற எல்லாவற்றையும் காபி கேட்கிற குரலில் சொல்லுவேன். அதனால்தான் அந்த ஒரு சொல் வந்ததும் மாணவர் கால் தானாக அழுத்துகிறது. வேக எச்சரிக்கையைப் பாருங்கள். 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் கட்டாயம். 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டு ஒலிக்கும், 120-ஐத் தாண்டினால் ஓயாமல் ஒலிக்கும். விதி போட்டவர்களின் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு வழிச் சாலையில் அது வீட்டுச் சுவர்க் கடிகாரம் போல ஆகிவிட்டது, யார் காதிலும் விழுவதில்லை. அதே வண்டி பள்ளிக்கூட வாசலில் 60-இல் போனால் அதனிடமிருந்து ஒரு முனகலும் கிடையாது. விதி உங்கள் கையில் இல்லை என்பீர்கள், சரி. மற்ற "டிங்"குகள் உங்கள் கையில்தானே இருக்கின்றன?

நிறத்தைப் பொறுத்தவரை உங்கள் முன்னோர் நல்ல வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சிவப்பென்றால் நிறுத்து, மஞ்சளென்றால் கவனி, பச்சையென்றால் ஏதோ ஒன்று வேலை செய்துகொண்டிருக்கிறது, நீலமென்றால் ஹை பீம். ஐ.எஸ்.ஓ. 2575 என்ற சர்வதேசத் தரத்தில் ஒவ்வொரு படத்தின் வடிவமும் இருக்கிறது. முதல் வாரமே என் மாணவர்களுக்கு இதைப் பாடம் எடுக்கிறேன். ஆயில் விளக்கை எல்லோரும் அலாவுதீன் விளக்கு என்பார்கள், நானும் திருத்துவதில்லை, பெயர் மனதில் நின்றால் போதும். ஆனால் அது ஆயிலின் அளவைச் சொல்லவில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது, எரிந்தால் "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது கிடையாது, அங்கேயே ஓரங்கட்டி இன்ஜினை அணை என்று பத்து தடவை சொல்லுவேன். டயர் காற்று குறைந்தால் வரும் படத்தைப் பார்த்து ஒருவர் "உருளிக்குள் ஆச்சரியக்குறி" என்றார். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டு, விட்டுவிட்டு மின்னினால் உடனே காலைத் தளர்த்து, எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிலையாக எரிவதற்கும் மின்னுவதற்கும் இடையில் இவ்வளவு பணம் இருக்கிறது. அத்தனை பெரிய திரையில் இந்த வித்தியாசத்தைச் சொல்ல ஒரு வரிக்கு இடம் இல்லை. காரைத் திறந்ததும் மலை, மேகம், சூரிய உதயம் என்று நான்கு வினாடி படம் ஓட்டுவதற்கு மட்டும் இடம் இருக்கிறது.

எழுதுகிற வரியும் யாருக்காக? தையல் கடை அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். திரையின் மொழிப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். என் காரில் ஆங்கிலத்தோடு ஐரோப்பிய மொழிகள் சில இருந்தன, தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. என் ஐந்நூறு ரூபாய் போனில்கூட ஒரு காலத்தில் தமிழ் இருந்தது. நீங்களே பாதிப் பேர் தமிழில் சண்டை போட்டுக்கொண்டுதான் இந்தத் திரையை வரைகிறீர்கள் என்று என் மாணவி சொன்னார்.

வெள்ளெழுத்து பற்றி இளவயதுப் பொறியாளர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்பதைத் தாண்டியவனுக்கு தூரத்துச் சாலை பளிச்சென்று தெரியும், கை தொடும் தூரத்தில் இருக்கும் பொடி எழுத்து புகையாகத் தெரியும். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கார் ஓட்ட முடியாது. தூரத்திலிருந்து கண்ணை எடுத்து, திரையில் பதித்து, தெளிவாகி, மீண்டும் தூரத்துக்குப் போக எனக்கு உங்களைவிட அதிக நேரம் பிடிக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 22 மீட்டர். இரண்டு வினாடியில் ஒரு லாரியும் அதன் பின்னால் வரும் டிராக்டரும் அடங்கிவிடும். ஊசி மீட்டரில் நான் எண்ணைப் படித்ததே இல்லை. ஊசி எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்று ஓரக் கண்ணால் பார்த்தால் போதும், நேராக மேலே நின்றால் அறுபதோ எழுபதோ என்று உடம்புக்குத் தெரியும். எண் அப்படியல்ல, படித்தாக வேண்டும்.

எண்ணுக்கு இன்னொரு குணம்: தான் துல்லியம் என்று நம்பவைத்துவிடும். போனில் ஜி.பி.எஸ். 76 காட்டுகிறது, மீட்டர் 80 காட்டுகிறது, எது பொய் என்று மாதத்துக்கு ஒரு மாணவராவது கேட்கிறார். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி 39-இன்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம். பத்து சதவீதமும் அதன் மேல் 4 கிலோமீட்டரும் வரை சலுகை. உண்மையில் 80-இல் போகும் வண்டி 92 என்று காட்டினாலும் விதிக்கு உட்பட்டதுதான். பாதுகாப்பான பக்கம் பொய் சொல்லட்டும் என்ற எண்ணம், ஒப்புக்கொள்கிறேன். ஊசி அந்தச் சலுகையைத் தன் தடிமனிலேயே மறைத்துவைத்திருந்தது. எண் மட்டும் 79, 80, 79 என்று துடித்துக்கொண்டு பார்ப்பவர் கண்ணைப் பிடித்து இழுக்கிறது.

பெட்ரோல் விஷயமும் இதே. என் கார் டேங்க் 35 லிட்டர், திரையில் எட்டுக் கட்டம். ஒரு கட்டம் நான்கேகால் லிட்டருக்கு மேல். கடைசிக் கட்டம் எரியும்போது அது முழுக் கட்டமா, சொட்டா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக "இன்னும் இத்தனை கிலோமீட்டர் போகலாம்" என்று ஒரு எண் தருகிறீர்கள். ஏற்காடு ஏறும்போது அது சரசரவென்று குறைந்தது, இறங்கும்போது அடிவாரத்துக்குள் நாற்பது கிலோமீட்டர் கூடிவிட்டது, ஒரு சொட்டும் போடாமல். இப்போது ஓட்டிய விதத்தை வைத்து இனி ஓடப்போகும் தூரத்தைச் சொல்கிற கணக்கு அது. கணக்கு தப்பில்லை, "ஏறக்குறைய" என்ற சொல் விடுபட்டுப்போனதுதான் தப்பு. அறுபதுக்குக் கீழே போனால் பத்துப் பத்தாகக் காட்டினால் என்ன? எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் அம்பாசடர் மீட்டர் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, ஊசி எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துத்தான் பங்க்கைத் தேடுவார். அந்த ஊசி பொய் சொல்லும் என்று அவருக்குத் தெரியும், எவ்வளவு பொய் சொல்லும் என்றும் தெரியும்.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. பல கார்களில் ஹீட் மீட்டரின் ஊசி, சூடு கணிசமாக ஏறி இறங்கினாலும் நடுவிலேயே ஆணி அடித்தாற்போல் நிற்கும்படிதான் அமைத்திருந்தார்கள், வாடிக்கையாளர் பயப்படக் கூடாதாம். அது நகர ஆரம்பிக்கும்போது போனெட்டில் ஆவி வந்திருக்கும். எந்தக் கதவு திறந்திருக்கிறது, எந்த டயரில் எவ்வளவு காற்று என்று உங்கள் திரை படம் போட்டுக் காட்டுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஒன்றை மட்டும் நான் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மாலை ஆறே கால், ஆறரை. தொப்பூரில் மலை நிழல் சாலையில் விழுந்துவிட்ட நேரம். என் முன்னால் போகும் புதுக் காரின் பின்பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. அருகில் போய் எட்டிப் பார்த்தால் உள்ளே திரை கோயில் திருவிழா போல ஜொலிக்கிறது. பழைய காரில் இருட்டினால் மீட்டரே தெரியாது. மீட்டர் தெரியவில்லை என்றதும் கை தானாக லைட் சுவிட்சுக்குப் போகும், போட்டால் முன் விளக்கு, பின் விளக்கு, மீட்டர் மூன்றும் சேர்ந்து எரியும். யாரும் திட்டமிட்டு வைத்த பாதுகாப்பு இல்லை அது, ஆனாலும் வேலை செய்தது. நீங்கள் திரையைப் பகலிலும் இரவிலும் எரியவிட்டதும் அந்த நினைவூட்டல் போய்விட்டது. வண்டி ஓடும்போது தானாக எரியும் பகல் விளக்கு முன்னால் எரிவதால் ஓட்டுகிறவர் எல்லா விளக்கும் எரிகிறது என்றே நினைத்துக்கொள்கிறார்.

கனடாவில் இப்படிப் போகும் வண்டிகளுக்குப் பேய் வண்டி என்றே பெயர் வந்துவிட்டது. 2021 செப்டம்பரிலிருந்து அங்கே புதுக் கார்களுக்கு விதி போட்டார்கள்: பகல் விளக்கோடு பின் விளக்கும் எரிய வேண்டும், அல்லது இருட்டியதும் எல்லா விளக்கும் தானாக எரிய வேண்டும், அல்லது விளக்குப் போடும் வரை மீட்டர் இருண்டே கிடக்க வேண்டும். மூன்றில் ஒன்று. மூன்றாவது வழிக்கு ஒரு பைசா செலவில்லை, திரை உங்களுடையது, மங்கவைத்தால் போதும். நம் நாட்டில் விதி வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

மாற்றுவது கடினம் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் டெஸ்லா ஏறக்குறைய 22 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. பிரேக், பார்க், ஏ.பி.எஸ். எச்சரிக்கை எழுத்துகள் சட்டம் கேட்கிற 3.2 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறைவாக இருந்தன, அதுதான் குற்றம். ஒரு காரும் பட்டறைக்குப் போகவில்லை, இணையம் வழியாக வந்த மென்பொருளில் எழுத்து பெரிதாகிவிட்டது. ஊசிக்கு இல்லாத வரம் உங்களுக்கு இருக்கிறது.

பெட்ரோல் மீட்டர் பக்கத்தில் டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று காட்டும் சின்ன அம்பு இருக்கிறதல்லவா? 1986-இல் ஃபோர்டு ஊழியர் ஜிம் மாய்லன் அலுவலகக் கார் ஒன்றைப் பங்க்குக்கு ஓட்டிப்போய், தப்பான பக்கத்தில் நிறுத்தி, மழையில் நனைந்தார். திரும்பி வந்த உடனே, ஈரம் காய்வதற்குள் யோசனையை எழுதிக்கொடுத்தார் என்பார்கள். 1989 மாடல்களில் அம்பு வந்துவிட்டது. இப்போது உலகம் முழுக்க இருக்கிறது, ஒரு சொல் இல்லை, ஓர் ஒலி இல்லை, எந்த மொழிக்காரருக்கும் புரிகிறது.

நீங்களும் ஒரு தடவை நனைய வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். என் மாணவியிடம் இதைச் சொன்னேன், எங்கள் குழுவில் பதினோரு பேர் சார், அழைத்துவருகிறேன் என்றார். வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரைக்குத் தருமபுரி பஸ் நிலையத்தில் இறங்கினால் நானே வந்து ஏற்றிக்கொள்கிறேன். பிறகு ஒவ்வொருவராக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, மூன்றாம் கியரில் தொப்பூர் இறங்கலாம். அம்பு வரும். பக்கத்தில் நான் இருப்பேன், பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு.

இப்படிக்கு,
ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர்,
தருமபுரி.